ஹாலில் கார் பந்தயம்

டிவி கறுப்பாகவே இருந்தது.

மதிவாணன் மடியில் வயர் இல்லாத கீபோர்டை வைத்துக்கொண்டு தட்டித் தள்ளினான். எதிர் சோபாவில் சாரங்கபாணி கன்ட்ரோலரைக் கையில் பிடித்தபடி கார் பந்தயம் தொடங்கக் காத்திருந்தார். இதற்காகவே ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகத் தஞ்சாவூரிலிருந்து குடவாசலுக்கு வந்திருக்கிறார் மனிதர்.

சமையலறையில் அவன் மனைவி வானதி ஒரு கையால் வாழைக்காய் பஜ்ஜியைத் திருப்பினாள். இன்னொரு கையின் கட்டைவிரல், பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனில் ஓடிக்கொண்டிருந்தது.

கோளாறு எங்கே என்று அவளுக்குத் தெரியும். மூன்று மணிக்குக் கரண்ட் போய் வந்ததில் வந்த வினை.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான் அந்த வீட்டின் சர்வர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெட்டி. உள்ளே மூன்று மெஷின் ஓடும். போட்டோக்களைச் சேர்த்து வைக்க ஒன்று, வயலில் மோட்டார் கொட்டகைக் கேமராவுக்கு ஒன்று, ஹால் டிவியில் விளையாடுவதற்கென்றே ஒன்று. கையால் தொட முடியாத மெஷின்கள். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள்.

டிவிக்குப் படம் அனுப்பப் பெட்டியில் இருக்கும் ஒரே கிராபிக்ஸ் கார்டு விளையாட்டு மெஷினுக்குப் போய்ச் சேர வேண்டும். கரண்ட் வந்து கண் விழித்த பெட்டி, அதைத் தானே அமுக்கி வைத்துக்கொண்டது. போனிலிருந்தே கட்டளை அடித்துப் பிடுங்கிக் கொடுத்தால் டிவிக்கு உயிர் வந்துவிடும்.

இதெல்லாம் வானதிக்கு அத்துப்படி. கட்டியவளே அவள்தான். ராப்பகலாக வீடியோ பார்த்து, நாலு முறை எல்லாவற்றையும் அழித்து, ஐந்தாம் முறை ஓட வைத்தாள். மதிவாணனுக்கு அதன் ஆன் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியும். பாவம், அதுவரைக்கும் தெரியும்.

ஆனால் கட்டியது மதிவாணன் என்று சாரங்கபாணியிடம் சொல்லியாகிவிட்டது.

திருவாரூரில் ஒரு கல்யாணப் பந்தியில் நடந்த கூத்து அது. பக்கத்து இலைக்காரரிடம் மதிவாணன் தன் வீட்டு சர்வரைப் பற்றி அளந்துவிட்டான். அந்தப் பக்கத்து இலைக்காரர் டெல்டா முழுக்க அரிசி ஆலைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனிக்கு முதலாளி என்பது பாயசம் வரும்போதுதான் தெரிந்தது. அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நேரில் வந்து பார்த்துவிட்டு வேலை தருகிறேன் என்றார். இவனுக்கு அதற்குமேல் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அவன் வேலை பார்த்த மொபைல் கடையை மூடி எட்டு மாதமாகிறது. எட்டு மாதமும் ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

இப்போது தண்ணீர் எடுப்பதுபோல் சமையலறைக்குள் வந்தான்.

“வானதி, மானம் போவுது. சீக்கிரம் போட்டு வுடு.”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் வெறும் சொம்போடு திரும்பிப் போனான்.

கடைசி வரியை அடித்து முடித்திருந்தாள். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கட்டைவிரல் நின்றது.

சும்மா இருந்தால் போதும். இன்னும் இரண்டு நிமிடத்தில் அவன் குட்டு வெளிப்பட்டுவிடும். கட்டியது யார் என்று சாரங்கபாணி கேட்பார். கேட்கட்டுமே என்று இருந்தது அவளுக்கு.

எண்ணெயில் பஜ்ஜி ஒன்று கருகத் தொடங்கியது. ஹாலில் மதிவாணன் எதற்கோ சத்தமாகச் சிரித்தான். பயந்தவன் சிரிக்கிற சிரிப்பு. அதைக் கேட்க அவளால் முடியவில்லை.

அழுத்தினாள்.

ஹாலில் காரின் இன்ஜின் உறுமியது. சாரங்கபாணி கைதட்டினார். தானே சரிசெய்துவிட்டதுபோல் மதிவாணன் கீபோர்டை ஓரமாக வைத்தான்.

மூன்று பந்தயம் ஓடினார்கள். மூன்றிலும் சாரங்கபாணியே ஜெயித்தார், அல்லது மதிவாணன் ஜெயிக்க விட்டான். வருகிற ஒன்றாம் தேதியே வேலையில் சேர்ந்துகொள்ளச் சொன்னார் அவர். மதிவாணன் தலைகால் புரியாமல் கேட்டைத் திறக்க வாசலுக்கு ஓடினான்.

சாரங்கபாணி பஜ்ஜித் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். நல்ல மனிதர். சாப்பிட்ட தட்டைக்கூட அப்படியே விட்டுப் போகாதவர்.

“அவரு தட்டுன கீபோர்டுல சுவிட்சே போடலம்மா,” என்றார், குரலைத் தணித்துக்கொண்டு. “நீங்க உள்ளேருந்து சரிபண்ணுனீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.”

வானதி சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தாள். அவரோ சிரித்துக்கொண்டிருந்தார்.

“பயப்படாதீங்க. நீங்க பின்னால இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அவரை எடுக்குறேன். அறுவடை நேரத்துல எந்த மில்லுல எது படுத்தாலும், ராத்திரின்னாலும், நீங்க வீட்லேருந்தே இப்படி எழுப்பி வுட்டுடலாம். என்னம்மா?”

அவள் தலையாட்டினாள். பஜ்ஜி பிரமாதம் என்று சொல்லிவிட்டு அவர் செருப்பு மாட்டப் போனார்.

வானதி அடுப்பை அணைத்தாள்.

மதிவாணனுக்கே தெரியாத ஒன்று உண்டு. பங்குனி மாதம் இதே கம்பெனியில் இதே வேலையைக் கேட்டு அவள் போன் செய்திருந்தாள். இதே குரல்தான் போனில் பேசியது. எந்த ஆலையில் எது நின்றாலும் வீட்டிலிருந்தே சரிசெய்துவிடுவேன் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வீட்டிலிருந்து செய்வதெல்லாம் ஒரு வேலையா அம்மா, ராத்திரி கூப்பிட்டால் வந்து நிற்க ஓர் ஆம்பளைதான் எங்களுக்கு வேண்டும் என்று சொல்லி, அந்தக் குரல் அவள் பேரைக்கூடக் கேட்காமல் போனை வைத்துவிட்டது.