புளிவென்றார் துப்பாக்கி

துப்பாக்கி சேகரிக்கும் தேவசகாயத்தின் கண்ணாடி அலமாரிக்குள், புலிவென்றார் ஜமீனிலிருந்து வந்த இரண்டு பழைய வேட்டைத் துப்பாக்கிகள் அடுத்தடுத்துக் கிடந்தன. வேட்டைக்குப் போய்ப் போய்ப் பெரியதன் சித்திர வேலைப்பாடெல்லாம் தேய்ந்திருந்தது. சின்னதன் மேலிருந்த மயிலும் கொடியும் நேற்றுச் செதுக்கியது போலிருந்தன.

“நீ மட்டும் எப்படியப்பா இப்படியே இருக்கிறாய்?” என்றது பெரியது.

“செதுக்கியவர் புலியைப் புளியாக்கி, ‘புளிவென்றார்’ என்று என் மேல் எழுதிவிட்டார் அண்ணே. ஊர் சிரிக்குமென்று ஜமீன்தார் என்னைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.”

“அப்படியானால் நீ எதையுமே சுட்டதில்லையா?”

“இல்லை. நீங்கள்?”

“ஏழு புலி,” என்றது பெரியது. பிறகு மயிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

“எனக்கும் அந்த ஆளே எழுதியிருக்கலாம்.”