இரண்டு எதிரிகளும் ஒரு பாலமும்

"டீச்சர், இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு. பாலம் வருமா, இல்ல என் பேக்கரிக்குப் பூட்டு வருமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிடுங்க!"

பேக்கரிக்காரர் மாவுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கணக்கு டீச்சர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. திரையில் ஒரு பச்சைக் கோடு முக்கால்வாசி ஏறி, அங்கேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஊருக்கு நடுவே கால்வாய். இக்கரையில் பேக்கரி. ரொட்டி வாங்குகிற ஜனமெல்லாம் அக்கரையில். சுற்றிக்கொண்டு வருவதற்குள் அவர்களுக்குப் பசியே போய்விடும். அதனால் ஒரு நடைபாலம் கட்டச் செயலி வழியாக ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். ஊர்ப் பொதுநிதி அதைப் பெருக்கித் தரும். ஆறு மணிக்குள் கோடு நிரம்பாவிட்டால் நிதி வேறு வேலைக்குப் போய்விடும்.

"பேசாம அடுப்பை அடகு வெச்சு நானே பெரிய தொகையாப் போட்டுடறேன்."

"போட்டாலும் கோடு அசையாதுண்ணா." டீச்சருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. செயலியின் விதிகளை எழுதியவரே அவர்தான். "இதுல தொகை முக்கியமில்ல, எத்தனை பேர் கேக்கறாங்கங்கறதுதான் முக்கியம். ஒரே ஆள் மூட்டை மூட்டையாக் கொட்டினா பொதுநிதி கொட்டாவி விடும். ஊரே ஆளுக்கொரு காசு போட்டா துள்ளி எழுந்திரிக்கும். ரெண்டு வருஷம் முந்தி ஊர்க்கூட்டத்துல விளக்கினேனே, நீங்க தூங்கிட்டீங்க."

"அதான் எங்க வீட்டுல மச்சான் வரைக்கும் எல்லாரும் போட்டாச்சே!"

"அங்கதான் அடுத்த விதி. பெஞ்சோ விளக்கோ, எந்த ஊர் வேலைன்னாலும் உங்க வீடே எப்பவும் ஒரே பக்கம்தான் போடும். செயலி அதைக் கவனிச்சு வெச்சிருக்கு. 'இதெல்லாம் ஒரே கூட்டம்'னு அத்தனை தலையையும் சேர்த்து ரெண்டு தலையாத்தான் எண்ணும்."

"அந்த ரெண்டுல என் மச்சான் தலை இருக்காது. அது எனக்கே தெரியும்."

"சிரிக்காம கேளுங்கண்ணா! எதுலயுமே ஒத்துப்போகாத ரெண்டு பேர் ஒரே விஷயத்துக்குப் போட்டாங்கன்னு வைங்க... பரம விரோதிங்களே சேர்ந்து கேக்கறாங்கன்னா, அது நிஜமாவே எல்லாருக்கும் வேண்டிய விஷயம்தானே? அப்போ பொதுநிதி அள்ளி அள்ளிக் கொடுக்கும்!"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கத்தல்.

"டேய் பஞ்சர்! ரேடியோவைக் குறைடா! இங்க அளவெடுக்க முடியல!"

அடுத்த கடைத் தையல்காரி, கழுத்தில் அளவு நாடாவோடு கால்வாய் ஓரம் நின்றிருந்தாள்.

"நீ அளவெடுத்து என்ன கிழிச்சே? சட்டை தைக்கச் சொன்னா தலையணை உறை தைக்கிறவதானே!" அக்கரையிலிருந்து பதில் பறந்து வந்தது. சைக்கிள் கடைக்காரன்.

இரண்டு வருஷமாக இதே கூத்துதான். செயலியில் அவள் பெஞ்சுக்குக் காசு போட்டால் அவன் தெருவிளக்குக்குப் போடுவான். அவன் சாக்கடை மூடிக்குப் போட்டால் அவள் மரக்கன்றுக்குப் போடுவாள். ஒரு தடவைகூட ஒன்றுக்கே போட்டதில்லை.

பேக்கரிக்காரரும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி பேக்கரிக்காரர் வெளியே பாய்ந்தார்.

"தங்கச்சி, பாலத்துக்கு ஒரு காசு போடேன்."

"போங்கண்ணா. அவன் வந்து என் வாசல்ல நிக்கறதுக்கா?"

"அதையேதான் அவனும் சொல்றான். 'பாலமும் வேண்டாம், அவ மூஞ்சியும் வேண்டாம்'னு ஒரே பிடிவாதம்."

"அவன் வேண்டாம்கிறானா?" தையல்காரி கத்தரிக்கோலைத் தொப்பென்று வைத்தாள். "அப்ப போட்டே தீருவேன்!"

அழுத்தினாள். பேக்கரிக்காரர் சந்துக்குள் ஒதுங்கி அக்கரைக்குப் போன் போட்டார்.

"தம்பி, அந்தத் தையல்காரி பாலமே வரக்கூடாதுன்னு தலைகீழா நிக்கிறா."

"அப்படியாண்ணே? போனை வைங்க முதல்ல. கை பரபரங்குது!"

திரும்பி ஓடி வந்தபோது பேக்கரிக்குள் மச்சானும் டீச்சரின் செல்போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் கோடு ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு, பட்டத்து நூலை விட்டதுபோல விறுவிறுவென்று உச்சிக்கே ஏறி நிரம்பி வழிந்தது.

இரு கரையிலும் விசில். மச்சான் க்ரீம் தட்டோடு ஆடப்போய்க் க்ரீமுக்குள்ளேயே விழுந்தார். பேக்கரிக்காரர் எல்லோருக்கும் பன்னை அள்ளி வீசினார்.

"பார்த்தீங்களாண்ணா? விரோதிகளையே ஒண்ணு சேர்த்திருச்சு என் விதி!" டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க விதியா? என் பொய் டீச்சர், என் பொய்!" பேக்கரிக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ரெண்டு பேரையும் எப்படி ஏமாத்தினேன் பார்த்தீங்களா! சுத்த அப்பாவிங்க."

அடுத்த கடையில் தையல்காரி திரைச்சீலையை இழுத்துவிட்டு, அதிர்ந்துகொண்டிருந்த செல்போனை எடுத்தாள்.

"திட்டித் திட்டித் தொண்டையே போச்சு," அக்கரைக் குரல் கிசுகிசுத்தது. "இனிமேலாவது கொஞ்சலாமா?"

"பாலம் கட்டி முடிக்கட்டும், கல்யாணத் தேதியே சொல்றேன்," என்று சிரித்தாள் தையல்காரி. "டீச்சர் அந்த விதியை விளக்கின அன்னிக்கு, 'இன்னையிலருந்து பாலம் வர்ற வரைக்கும் நாம ரெண்டு பேரும் விரோதிங்க'ன்னு நான் சொன்னப்போ அழுதவன்தானே நீ!"