ஓட்டை இல்லாத டின்

காலியான எண்ணெய் டின்னைக் கோமளவல்லி தூக்கி எறியவில்லை. சுற்றிலும் சிவப்புப் பூக்கள் வரைந்து, மண் நிரப்பி, புதினா நட்டு, மாடிச் சுவர்மேல் வைத்தாள். அடியில் ஓட்டை போடத்தான் மறந்துவிட்டாள். ஊற்றிய தண்ணீரெல்லாம் உள்ளேயே தேங்கியது.

"என் வேர் அழுகுது. தண்ணிய வெளிய விடேன், பாவி!" என்று கத்தியது புதினா.

"எப்படி விடுவேன்? பூ வரைய நேரமிருந்தவளுக்கு ஓர் ஆணி அடிக்க நேரமில்லையே!" என்று டின் கொதித்தது.

அப்போது வந்த கோமளவல்லி, வாடிய இலைகளைப் பார்த்து, "தண்ணி பத்தலை போல" என்று இன்னொரு செம்பு ஊற்றினாள்.

டின்னுக்குப் பொறுக்கவில்லை. காற்று பலமாக அடித்ததும், அதோடு சேர்ந்து ஆடிக் கீழே குதித்தது. மூலை பிளந்தது, பெயிண்ட் உரிந்தது. தண்ணீரெல்லாம் வடிய, புதினா மூச்சு விட்டது.

கோமளவல்லி ஓடி வந்தாள். "சனியன் பிடிச்ச டின்னு! நான் வரைஞ்ச பூவெல்லாம் போச்சே!"