முதல் பிரதிவாதி

“தலைச்சோலையில இருக்கற காப்பித் தோட்டமும் ஊடும் எங்கம்மா பேர்ல இருந்ததுங்க. அம்மா போனப்பறம் அப்பா அதை மாதா கோயில் டிரஸ்டுக்கு எழுதி வெச்சுட்டாருங்க” என்றாள் அற்புதம். கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு ஏற்காட்டில் வாடகைக்கு இருப்பவள்.

“அம்மா சொத்துல உனக்கும் பங்கு இருக்குதுல்ல? டிரஸ்ட் மேல கேஸ் போடு கண்ணு. தைரியமாப் போடு” என்றார் அவளோடு மலையிறங்கி வந்திருந்த பெரியவர்.

சொந்தத்தில் ஒருவராவது துணைக்கு நிற்கிறாரே என்று சேலம் வக்கீல் ராமலிங்கத்துக்கு நிறைவாக இருந்தது. பத்திரத்தைப் படித்தார்.

“கேஸே வேண்டாம்மா. உங்கப்பா உயிரோட இருக்கிறவரைக்கும் எப்ப வேணும்னாலும் இதை ரத்து பண்ணலாம்னு பத்திரத்துலயே எழுதியிருக்கு. அவர் இருக்காரா?”

அற்புதம் பெரியவரைப் பார்த்தாள்.

“நான்தானுங்க அவ அப்பன்” என்றார் அவர்.

வக்கீல் திகைத்துப்போனார். “அப்புறம் என்னங்க? ஒரு கையெழுத்துதானே!”

“மருமகன் நல்லா இருந்தப்ப எழுதினதுங்க. திருநாள் பூசையில சனம் முன்னாடி குடுத்தேன்னு சொல்லிட்டேன். நானே எப்படித் திருப்பி வாங்கறது? கோர்ட்டு வாங்கிக் குடுத்தா எம்பேரு கெடாதுங்க.”

“எழுதிக் குடுத்த நீங்கதானே கேஸ்ல முதல் பிரதிவாதி? பெத்த அப்பன் மேலயே கேஸ் போட்டவன்னு உங்க மக பேரு கெடுமே?”



“பிள்ளைங்களுக்கு ஒரு ஊடு வேணுமுங்க” என்று சொல்லிவிட்டு அற்புதம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பெரியவர் மகளிடம் மெல்லச் சொன்னது வக்கீலின் காதில் விழுந்தது.

“ஞாயித்துக்கிழமை பூசையில எங்கிட்டப் பேசிராத சாமி. பிள்ளைங்களும் தாத்தான்னு ஓடி வந்துராமப் பாத்துக்க. சனம் நம்போணுமில்ல.”