மாப்பிள்ளையைப் பார்க்க வந்த கூட்டம்

மாப்பிள்ளையை அனுப்பிவிட வேண்டும் என்பதில் காப்பகத்தில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

மாப்பிள்ளை என்பது ஒரு கிழட்டு நாய். ஒரு காது பாதிதான் இருக்கும். மாமனார் வீட்டோடு வந்துவிட்டவர் மாதிரி, படுத்த இடத்துக்குச் சாப்பாடு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பான். தட்டு வரக் கொஞ்சம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

வீடில்லாத நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் காப்பகம் அது. இணையதளத்தில் ஒவ்வொரு நாய்க்கும் போட்டோவோடு ஒரு பக்கம் உண்டு. எந்தப் பக்கத்துக்கு ஆள் வரவில்லையோ அதை எடுத்துவிட்டு, அந்த நாயை நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கிற பெரிய கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போன நாயைத் தேடி யாரும் போனதில்லை.

சட்டம் போட்டது நிர்வாகி அம்மாள். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் தராசு. இரக்கப்பட்டால் இடம் பத்தாது, நம்பர் என்ன சொல்கிறதோ அதுதான் என்பது அவர் கட்சி.

இந்த முறை குட்டி போட்ட நாய் ஒன்று வராந்தாவில் காத்திருந்தது. ஒரு கூண்டு காலியாகியே தீர வேண்டும்.

"வயசு பார்த்தா மாப்பிள்ளைதான்" என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல்.

"தின்னுட்டுத் தூங்கறவனுக்கு எங்க இருந்தா என்ன?" என்றார் சமையல்காரர்.

இணையதளத்தைக் கவனிக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணுக்கு வயிறு எரிந்தது. போயும் போயும் இந்தக் கல்நெஞ்சுக்காரர்களிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று நொந்துகொண்டாள்.

எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கைத் திறந்து பார்த்தால் கதை வேறாக இருந்தது. இருக்கிற பக்கங்களிலேயே மாப்பிள்ளையின் பக்கத்துக்குத்தான் கூட்டம் அதிகம். புசுபுசுவென்று இருந்த குட்டிகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளியிருந்தான். முந்தைய தடவைகளிலும் இப்படித்தான் தப்பித்திருக்கிறான்.

இத்தனை பேர் பார்த்தும் ஒருவர்கூட வந்து கேட்கவில்லையே என்று அவளுக்கு உறுத்தியது. வந்தவர்களைப் பிரித்துப் பார்த்தாள். புதியவர்கள் தனி, திரும்பத் திரும்ப வருகிறவர்கள் தனி. போனில் பார்த்தவர்கள் தனி, கம்ப்யூட்டரில் பார்த்தவர்கள் தனி. எந்த இணைப்பிலிருந்து வந்தார்கள் என்பதும் தனி.

பிரிக்கப் பிரிக்கக் கூட்டம் கரைந்தது. புதியவர் என்று ஒருவரும் இல்லை. வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்திருந்தார்கள். அதுவும் காப்பகத்தின் வைஃபையிலிருந்தே.

சொந்த ஆபீசிலிருந்து வருகிறவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது இந்த வேலையில் பாலபாடம். ஒரு பட்டனைத் தட்டினால் கழிந்துவிடும். தட்டினாள். மாப்பிள்ளையின் கணக்கு முட்டை. பயந்துபோய்ப் பழையபடி மாற்றிவிட்டாள்.

யாரோ விளையாடுகிறார்கள். சமையல்காரரைக் கேட்டாள். தனக்குப் போனில் பேச மட்டும்தான் தெரியும் என்று சத்தியம் செய்தார். டாக்டரோ, தனக்கு நாய் என்றால் நோயாளி, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றார். நிர்வாகியிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

கண்டும் காணாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் பொய்க் கூட்டத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் மாப்பிள்ளைக்கு உண்மையான வீடு கிடைப்பது எப்போது? சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மீட்டிங்கில் வரைபடத்தைச் சுவரில் காட்டினாள்.

"மாப்பிள்ளைக்கு வர்றது கூட்டமே இல்ல மேடம். சில பேர்தான் திரும்பத் திரும்ப வர்றாங்க. எல்லாம் நம்ம கட்டடத்துக்குள்ள இருந்துதான்."

படத்தில் ஒரு நிறக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"ஒரு போன், சமையல் முடிஞ்ச கையோட வருது."

சமையல்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இன்னொரு போன், ஆபரேஷன் இருக்கற நாள்ல மட்டும் வராது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்புறம் ஒரு கம்ப்யூட்டர். வேற யாரும் ஆபீசுக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்துடுது. ஆபீஸ் சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

நிர்வாகி, மேஜைமேல் கிடந்த சாவிக்கொத்தின் மேல் மெதுவாகக் கைப்பையை நகர்த்தி வைத்தார்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தான் ஒருவர்தான் இந்தத் திருட்டு வேலை செய்கிறோம் என்று அத்தனை பேரும் நினைத்திருக்கிறார்கள்.

நிர்வாகி தொண்டையைச் செருமினார்.

"படத்துல இன்னொரு கலர் தெரியுதே. அந்தப் பச்சை யாரு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். தினமும் மதியம், சாப்பாட்டு வேளையில், ஒரு லேப்டாப்.

"அது... நான்தான் மேடம். செக் பண்றதுக்காகத் திறந்தேன்."

"தினமுமா?"

இப்போது மின்விசிறியைப் பார்ப்பது அவள் முறை.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் நிர்வாகி. "வெளியாள் ஒருத்தரும் வரல. மாப்பிள்ளையோட பக்கத்தை எடுத்துடு. கூண்டைக் குட்டிக்காரிக்குக் கொடுத்துடுங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நிர்வாகி எழுந்து தன் அறைக் கதவை விரியத் திறந்துவைத்தார். "அவன் படுக்கையைக் கொண்டுவந்து என் மேஜைக்கு அடியில போடுங்க. வீடு கிடைச்சவனுக்கு எதுக்கும்மா விளம்பரம்?"