நேரில் சொல்ல வேண்டிய சேதி

மடியில் ஜிலேபிப் பொட்டலத்தோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்த சந்திரவல்லியைப் பார்த்ததும் டிரைவர் சின்னமுத்துவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன டீச்சர், தமிழினி வீட்டுக்கா? பிள்ளைக்கு மறுபடி சீட்டு கெடச்சிருச்சாக்கும்! மெட்டுல எல்லாரும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்காக."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே" என்றாள் சந்திரவல்லி.

சீட்டு கிடைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் போடிமெட்டுக்கு இந்த மலையேற்றமே. வெறுங்கையோடு போய் ஒரு வீட்டில் இடியை இறக்க மனசு வராமல் பஸ் ஸ்டாண்டில் ஜிலேபி வாங்கிவிட்டாள். அது எப்பேர்ப்பட்ட மடத்தனம் என்று ஜீப்பு வளைவுகளில் திரும்பத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

போடியில் ஒரு கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள் ஒன்பது வருடமாகத் துணைப் பயிற்சியாளர். ஜூனுக்கு ஜூன் ஆர்டர் புதுப்பிக்கிற தற்காலிக வேலைதான். ஆனாலும் அதை விட்டால் வேறு வேலை அவளுக்குத் தெரியாது, தேடியதும் இல்லை.

கோப்பை வாங்கினால் மேடையேறுவது தலைமைப் பயிற்சியாளர் ஜெபகுமார் சார். எவளையாவது அணியிலிருந்து கழற்றிவிட்டால், அதை அவளிடம் போய்ச் சொல்வது துணைப் பயிற்சியாளர். அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது. சாருக்குப் பெண்பிள்ளைகள் அழுவதைப் பார்க்க முடியாதாம், பாவம்!

ஆரம்பத்தில் ஒவ்வொருத்தியிடமும் சொல்லிவிட்டு வந்து சந்திரவல்லியும் அழுவாள். இப்போது பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி எல்லாம் மரத்துப்போய்விட்டது. சொல்லுவாள், பஸ்சைப் பிடிப்பாள், வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பாள்.

தமிழினி விஷயம் அப்படியில்லை. பெண் எம்.ஏ. முடித்துவிட்டாள். இன்னொரு கோர்ஸில் விளையாட்டு சீட்டு கிடைத்தால் மேலும் ஒரு வருடம் ஆடலாம், பல்கலைக்கழக அணிக்குப் போகலாம், அதைக் காட்டி போலீஸ் வேலைக்கு முட்டிப் பார்க்கலாம். ஏலக்காய் எடுக்கப் போகிற அம்மாவுக்கும் அவளுக்கும் அந்த ஒரு சீட்டுதான் கதி.

அதற்காகச் சந்திரவல்லி படாத பாடு பட்டாள். சீட்டுக் கேட்கும்போது எடுப்பாக இருக்கட்டும் என்று, கோடை லீவில் பயிற்சியாளர் லைசென்ஸ் கோர்ஸுக்குக்கூட அவளை அனுப்பிவைத்தாள். தமிழினியும் முதல் ஆளாகத் தேறி வந்தாள்.

இன்று காலையில் சார் கூப்பிட்டுவிட்டார்.

"தமிழினிக்கு சீட்டு இல்லம்மா. போயிச் சொல்லிரு."

"போன்லயே சொல்லிரட்டா சார்?"

"சேச்சே, நம்ம புள்ள. நேர்ல போ. நீ வர்றன்னு நான் சொல்லி வச்சிர்றேன்."

இந்த மனுசனுக்குள் இவ்வளவு ஈரமா என்று அவளுக்கே ஆச்சரியம்தான்.

வீட்டு வாசலில் தமிழினியின் அம்மா செல்லத்தாய் காத்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பார்த்தாளோ இல்லையோ, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சார் போன் வந்ததுலருந்து இவ வாயே தெறக்கல டீச்சர். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. ஜிலேபியப் பாத்த பெறகுதான் உசுரு வந்துச்சு! இருங்க, பக்கத்து வீடுகளுக்கு ஆளுக்கு ஒன்னு குடுத்துட்டு வெரசா வந்துர்றேன்."

"யக்கா, நில்லுங்க…" என்று சந்திரவல்லி சொல்லி முடிப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

தமிழினி அடுப்படிச் சுவரில் சாய்ந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி இழுத்துப் பிரயோஜனமில்லை. அம்மாக்காரி திரும்புவதற்குள் சொல்லியாக வேண்டும்.

"சீட்டு இல்லடி ஆத்தா. நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். முடியல."

சொல்லி முடித்தாயிற்று. வழக்கம்போல உள்ளே ஒன்றும் அசையவில்லை. இது நம்ம பிள்ளையாச்சே, இதுக்குமா கல்லாட்டம் நிற்பேன் என்று தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. அந்த வெறுப்பும் வந்த வேகத்தில் அடங்கிப்போனது.

தமிழினி அழவில்லை. "தெரியும்க்கா. சார் காலையிலயே போன்ல சொல்லிட்டாரு."

"சொல்லிட்டாரா? பெறகு என்னைய எதுக்கு மலையேத்திவிட்டாரு?"

வெளியே யார் வீட்டு வாசலிலோ செல்லத்தாய் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. தமிழினி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சீட்டுப் போனதுக்கு அழாதவளுக்கு இப்போது கண் நிறைந்து வழிந்தது.

"அட கிறுக்கி, இப்ப எதுக்கு அழுகுற? சீட்டு போனாப் போகுது, வேற வழி இல்லாமயா போயிரும்? நான் இருக்கேன்ல. சார்கிட்ட மறுபடி பேசுறேன்."

"பேசாதீங்கக்கா."

"ஏன்டி?"

தமிழினி அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கெழமையிலருந்து ஒங்க எடத்துக்கு நான் வர்றேன்க்கா… அத ஒங்ககிட்ட சொல்றதுதான் என்னோட மொத சோலின்னுட்டாரு சார்."