பச்சையிலேயே நின்ற பாசமானி

நர்சிங் மாணவி பெனிட்டாவின் மணிக்கட்டில் பாசமானி கட்டியிருந்தார்கள். நோயாளிமீது ஒட்டுதல் வந்தால் அது சிவக்கும். ஒருமுறை சிவந்தாலும் ஜெர்மனி வேலை கிடையாது.

ஏழாம் படுக்கை ஜவுளிக்கடை சங்கரபாண்டியன் அண்ணாச்சி அவளைத் தினமும் வறுத்தெடுத்தார். "ஊசி போடுதியா, சாக்கு தைக்கியா? இந்தக் கையோட ஜெர்மனியாம்!"

அவளுக்கு எரிச்சல் வரும். மானி பச்சையாகவே நிற்கும்.

பயிற்சி முடிந்து மானியைக் கழற்றியதும் நேரே அவரிடம் போனாள். "எம்மேல அப்படி என்ன கோவம் அண்ணாச்சி?"

"கோவமா? புடிச்ச சரக்க நல்லால்லன்னு சொல்லித்தான வாங்கணும்! நான் சிரிச்சுப் பேசி, உன் மானி செவந்திருந்தா?"

பெனிட்டாவுக்குக் கண் நிறைந்தது. "உங்கள மாதிரி தொல்லை புடிச்ச ஆள நான் பாத்ததே இல்ல" என்றாள்.

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "பேரம் படிஞ்சிட்டு. கெளம்பு தாயி."